உலர்ந்தபின்

ஓடாத வண்டிக்குப் பாலிஷ் எதற்கு என்று
975 பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.
மடியில் வாளி, வாளிக்குள் எந்திரம்,
வழியெல்லாம் முட்டியை இடித்துக்கொண்டே வந்தது.
பதிலுக்கு மணியை அழுத்தி இறங்கிவிட்டேன்.

லிம் சூ காங். கீரைப் பண்ணைக்குப் பின்னால்
நான்கு செங்கல் அடுக்குகள்மேல் நிற்கிறது
பெர்த்தில் ஏலம் எடுத்து வந்த வீட்டுவண்டி.
சாலையில் இறங்க அதற்குச் சான்றிதழ் கிடையாது.
சக்கரங்கள் உண்டு, சும்மா, அழகுக்கு.
உரிமையாளர் பெயர் கோ.
தமிழில் அரசன் என்று அர்த்தம் என்றேன்.
"அரசன் என்றால் சாலைவரி தள்ளுபடியா?" என்றார்.
சனிக்கிழமை விருந்தினர் வருகிறார்களாம்,
இரவுக்கு இருநூற்றெண்பது வெள்ளி,
புதுசாகத் தெரிந்தால் போதுமாம்.

விரலால் ஒரு கோடு இழுத்தேன்.
சாக்பீஸ் தூள் மாதிரி கையோடு வந்தது சுவர்.
இருபது வருட வெயில்
ஃபைபர் கிளாஸைத் தின்று துப்பிய மிச்சம்.
ஹைருல் முகர்ந்து பார்த்துத் தும்மினான்.
"நெற்றியில் பூசிக்கொள்ளாதே, கக்."
கக் என்றுதான் கூப்பிடுவான்,
என் காதில் அது பாதி அக்கா.

உப்புத்தாள் என்கிறோம், அதில் உப்பு இல்லை.
உப்பு ஜொகூர் நீரிணையிலிருந்து காற்றில் வருகிறது,
நாங்கள் கழுவிய இடத்திலேயே வந்து உட்காருகிறது.
எண்ணூறாம் நம்பர். தண்ணீர். வட்டம், வட்டம்.
அப்புறம் ஆயிரத்திருநூறு. தண்ணீர்.
இரண்டாயிரம் வரும்போது
தாளும் சுவரும் உரசிப் பேசுவதை நிறுத்திவிடும்.
அந்த அமைதிக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.
தெங்கா தளத்திலிருந்து ஒரு போர்விமானம்
சரியாக அப்போதுதான் கிளம்பும்.

பின்சுவரில் பழைய ஸ்டிக்கர்கள்:
குச்சிக் கை, குச்சிக் கால், ஒரு குடும்பம்.
முடி உலர்த்தியால் சூடு காட்டி உரித்தேன்.
அடியில் வெயிலே படாத தோல், வெண்ணெய் நிறம்.
அம்மா. பையன். பெண். நாய்.
நாய்க்கு வால்கூட அப்படியே.

அம்மாவுக்கு இடப்பக்கம் ஐந்தாவதாக ஓர் உருவம்.
அதற்கு ஸ்டிக்கர் இல்லை.
யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்,
சூடு காட்டியல்ல, கத்தியால்.
உயரமானது, தொப்பி வைத்தது.
மற்ற நாலும் வெண்ணெய் என்றால் இது நீர்மோர்.
அவர்கள் ஒட்டிக்கொண்டிருந்த வருடங்களில்
இது மட்டும் வெளியே நின்று காய்ந்திருக்கிறது,
உடம்பெல்லாம் கீறலோடு.

"ஏழு வருஷம் இருக்குமா? எட்டு?"
ஹைருல் விரல்விட்டு எண்ணினான்.
எனக்கு இந்தக் கணக்கு வரும் என்று சொல்லவில்லை.
கையுறைக்குள் மோதிர விரல் வியர்த்தது.
அங்கே இருந்த வெளிறிய வளையம்
பதினான்கே மாதத்தில் காணாமல் போனது.
தோல் பரவாயில்லை.
ஃபைபர்தான் ரோஷக்காரன்.

தேய்த்தேன். நாய் முதலில் கரைந்தது,
அப்புறம் பிள்ளைகள், கைகோத்தபடி.
அம்மா மத்தியானம்வரை தாக்குப்பிடித்தாள்.
பண்ணையிலிருந்து இழுத்த மின்கம்பி இரண்டு தடவை கழன்றது.
கம்பளித் தட்டு சுற்றியது, பசை தெறித்தது,
சுவரில் ஹைருலின் மஞ்சள் சட்டை தெரிய ஆரம்பித்தது.
கீறல்கள் மட்டும் போகவில்லை.
இன்னும் தேய்க்கலாம், ஆனால் தொழிற்சாலையில்
அரை மில்லிமீட்டர்தான் பூசி அனுப்புகிறார்கள்.
அதற்குக் கீழே நிறம் கிடையாது,
வெறும் நார்.
எந்திரத்தை அணைத்தேன்.

மூன்று மணிக்கு மழை.
நனைந்ததும் கீறல் இல்லை, மங்கல் இல்லை,
மொத்த வண்டியும் நேற்றுச் செய்தது போல.
ஈரத்தில் எல்லாமே புதுசு,
எங்கள் தொழிலின் முதல் பொய் அது.
ஹைருல் படம் எடுத்துக் கோவுக்கு அனுப்பினான்.
கட்டைவிரல் வந்தது. ஒன்றல்ல, மூன்று.

மழை விட்டது. அவன் சிகரெட்டுக்குப் போனான்.
மெழுகு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன்.
சுவர் மேலிருந்து கீழாக உலர்ந்தது.
முதலில் தொப்பி தெரிந்தது.